ஓராண்டுச் சாப்பாடு வீட்டுக்குள்ளே! கோதுமை சேர்த்த பெண்களின் கதை

அமெரிக்காவில் யூட்டா என்று ஒரு மாநிலம். அங்கே பல வீடுகளில் தரைக்குக் கீழே ஒரு நிலவறை உண்டு. படியிறங்கிப் போனால், சுவரோரம் பலகை அடித்துத் தகர டின்களை வரிசையாக அடுக்கி வைத்திருப்பார்கள். ஒரு வரிசை கோதுமை. அடுத்த வரிசை வெள்ளை அரிசி. அப்புறம் பீன்ஸ், பால் பவுடர், சர்க்கரை, உப்பு. ஒவ்வொரு டின்னின் மேலும் அதை அடைத்த தேதி எழுதி ஒட்டியிருக்கும்.

பார்த்தால் மளிகைக் கடை என்றே தோன்றும். கடை அல்ல. ஒரு குடும்பம் பல மாதங்கள், சில வீடுகளில் ஓர் ஆண்டு முழுவதும், கடைப் பக்கமே போகாமல் சாப்பிடுவதற்கான சேமிப்பு.

பஞ்சமா? இல்லை. போர் மூளப் போகிறதா? அதுவும் இல்லை. கடைகளில் சாமான் குவிந்து கிடக்கும் நாடு அது. பிறகு ஏன் இந்த ஏற்பாடு?

அவர்கள் சேர்ந்திருக்கும் சர்ச் அப்படிச் செய்யச் சொல்கிறது. பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை என்பது அதன் பெயர். உலகம் அவர்களை 'மார்மன்கள்' என்று அழைக்கும். சபையின் தலைமையகம் யூட்டாவின் தலைநகரான சால்ட் லேக் சிட்டி. பெங்களூரில் ஓர் ஆலயம் கட்டப்போவதாக 2018-ல் அறிவித்ததும் இந்தச் சபைதான்.

அவர்களுடைய மதம் வேறு, நாடு வேறு. ஆனால் ஒண்ணாம் தேதி சம்பளம் வாங்கி, இருபதாம் தேதியே கைமாற்றுத் தேடுகிற குடும்பங்களுக்கும் அவர்கள் கதையில் ஒரு சேதி இருக்கிறது.

பூச்சி தின்ற வயல்

1847-ம் ஆண்டு ஜூலை மாதம் பிரிகாம் யங் என்ற தலைவரின் பின்னால் இவர்கள் யூட்டாவின் பள்ளத்தாக்கில் வந்து குடியேறினார்கள். கிழக்கே இருந்த ஊர்களிலிருந்து அடித்து விரட்டப்பட்டு வந்தவர்கள். புதிய இடமோ வறண்ட பூமி. பக்கத்தில் இருந்த பெரிய ஏரியிலும் உப்புத் தண்ணீர். பக்கத்து ஊர் என்று சொல்லிக்கொள்ளக் கூட நூற்றுக் கணக்கான மைல் போக வேண்டும்.

மறு ஆண்டு பயிர் தலையெடுத்தது. அப்போது வெட்டுக்கிளி இனத்தைச் சேர்ந்த, பறக்கத் தெரியாத ஒரு பூச்சி கூட்டம் கூட்டமாக வந்து வயலை மேய்ந்தது. துடைப்பத்தால் அடித்தார்கள். நெருப்பு வைத்தார்கள். வாய்க்கால் வெட்டித் தள்ளினார்கள். அந்த நேரத்தில் கடற்காகங்கள் வந்து பூச்சிகளைத் தின்றன. பயிரில் ஒரு பகுதி தப்பியது. அந்தப் பறவைக்கு 1913-ல் சால்ட் லேக் சிட்டியில் ஒரு நினைவுத் தூணே எழுப்பினார்கள்.

பறவையைக் கும்பிட்டாலும் பசியை அவர்கள் மறக்கவில்லை. காட்டுச் செடிகளின் கிழங்கைத் தோண்டித் தின்ற நாட்கள் அவை. 1850-களிலும் வெட்டுக்கிளி வந்தது. தானியத் தட்டுப்பாடும் வந்தது. அறுவடையான கையோடு எல்லாவற்றையும் விற்றுவிடாதீர்கள், கொஞ்சம் வையுங்கள் என்று பிரிகாம் யங் திரும்பத் திரும்பச் சொல்லி வந்தார்.

ஆண்கள் கேட்டார்களா? இல்லை. நல்ல விலை வந்தால் விற்றார்கள். கையில் காசு வந்தால் செலவு செய்தார்கள். இருபது ஆண்டுகள் சொல்லிப் பார்த்தும் பத்தாயம் நிறையவில்லை.

பெண்களிடம் வந்த பொறுப்பு

1876-ம் ஆண்டு அவர் வேறு வழி பார்த்தார். எமலின் வெல்ஸ் என்ற பெண்மணியை அழைத்தார். 'வுமன்ஸ் எக்ஸ்பொனன்ட்' என்ற பெண்கள் பத்திரிகையில் எழுதி வந்தவர் அவர். பெண்களைக் கோதுமை சேர்க்கச் சொல்லி எழுதுங்கள், அந்த வேலையை முன்னின்று நடத்துங்கள் என்று அவரிடம் கேட்டுக்கொண்டார்.

அந்தப் பெண்களிடம் நிலம் கிடையாது. பணமும் பெரும்பாலும் ஆண்கள் கையில். எதை வைத்துச் சேர்ப்பது?

அறுவடை முடிந்த வயலில் இறங்கிச் சிந்திய கதிரைப் பொறுக்கினார்கள். வீட்டில் நெய்ததையும் தைத்ததையும் விற்றுக் கோதுமை வாங்கினார்கள். சில ஊர்களில் ஞாயிற்றுக்கிழமை கோழி இடும் முட்டையைத் தனியே எடுத்து வைத்து, விற்ற காசைப் பொதுக் காரியத்துக்குக் கொடுத்தார்கள். ஊருக்கு ஊர் தானியக் களஞ்சியம் எழும்பியது. வண்டு விழுந்தது, எலி வந்தது. வெயிலில் காயவைத்தார்கள். பழையதைக் கொடுத்துப் புதியது மாற்றினார்கள்.

ஆண்டுகள் ஓடின. கைப்பிடியாகச் சேர்ந்தது மலையாகக் குவிந்தது. தங்கள் சொந்த ஊர்ப் பஞ்சத்துக்கு என்று சேர்த்த தானியம், முன்பின் தெரியாதவர்களின் பசிக்கும் போயிற்று. 1906-ல் சான் பிரான்சிஸ்கோ நகரம் பூகம்பத்தில் இடிந்து, தீயில் எரிந்தது. இந்தப் பெண்கள் ரயிலில் மாவு ஏற்றி அனுப்பினார்கள். அடுத்த ஆண்டு சீனாவின் பஞ்சத்துக்கும் அவர்கள் மாவு போய்ச் சேர்ந்தது.

கேட்காமல் விற்ற கோதுமை

1918-ம் ஆண்டு. முதல் உலகப் போர் நடந்து கொண்டிருந்தது. ஐரோப்பாவில் சண்டையிடும் படைக்கும், பட்டினி கிடக்கும் மக்களுக்கும் அனுப்ப அமெரிக்க அரசாங்கம் கோதுமை தேடியது. மார்மன் பெண்களின் களஞ்சியத்தில் 2 லட்சம் புஷலுக்கும் மேல் இருந்தது. நம் கணக்கில் 5,400 டன்னுக்குக் குறையாது. 42 ஆண்டுகளின் சேமிப்பு!

கோதுமை அரசாங்கத்துக்குப் போயிற்று. போனது நல்ல காரியத்துக்குத்தான். அதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் விற்பது என்று முடிவு செய்தவர்கள் சபையின் ஆண் நிர்வாகிகள். சேர்த்த பெண்களின் தலைவர்களை முன்கூட்டிக் கேட்கவே இல்லை. இந்தத் தானியம் பெண்கள் சங்கத்துக்கே சொந்தம், மற்றவர்கள் அதைக் கையாளக் கூடாது என்று சபைத் தலைமை முன்பே எழுதியும் இருந்தது!

அப்போது எமலின் வெல்ஸுக்கு வயது 90. பெண்கள் சங்கத்தின் தலைவியும் அவர்தான். மனம் வருந்தாமல் இருந்திருக்குமா? என்றாலும் கணக்கை விடவில்லை அந்தச் சங்கம். விற்ற பணத்தைத் தனி நிதியாக வைத்தார்கள். அதன் வட்டியைக் கர்ப்பிணிப் பெண்கள், கைக்குழந்தைகளின் உடல்நலத்துக்குச் செலவிட்டார்கள். 1919-ல் ஜனாதிபதி உட்ரோ வில்சன் சால்ட் லேக் சிட்டிக்கு வந்தபோது எமலின் வெல்ஸை நேரில் சந்தித்து, கோதுமைக்காக நன்றி சொன்னார்.

நாட்டின் ஜனாதிபதி தேடி வந்து நன்றி சொன்னார். சொந்தச் சபையில் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சேமிப்பைப் பற்றிப் பேசும்போது இந்த இரண்டையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

களஞ்சியத்திலிருந்து வீட்டுக்கு

1930-களில் அமெரிக்காவில் பெரும் மந்தம். தொழிற்சாலைகள் மூடின. வேலை இழந்தவர்கள் வரிசையில் நின்று கஞ்சி வாங்கினார்கள். 1936-ல் இந்தச் சபை தன் மக்களுக்காக ஒரு நலத்திட்டம் தொடங்கியது. உதவி வாங்குகிறவர் தன்னால் முடிந்த வேலையைச் செய்ய வேண்டும். யாரும் வெறும் கையேந்தி நிற்கக் கூடாது என்பது அதன் அடிப்படை.

1937 ஏப்ரலில் சபைத் தலைவர்களில் ஒருவரான ரூபன் கிளார்க் குடும்பத் தலைவர்களுக்கு ஒரு யோசனை சொன்னார். குறைந்தது ஓராண்டுக்கு வேண்டிய உணவும் துணியும், முடிந்தால் விறகு, கரியும் வீட்டில் இருக்கட்டும் என்றார். அதே மூச்சில் இன்னொன்றும் சொன்னார். கடன் வாங்காதீர்கள், கொள்ளை நோய்க்கு ஒதுங்குவது போல் கடனுக்கு ஒதுங்குங்கள் என்றார். ஊர்க் களஞ்சியத்தில் இருந்த சேமிப்பு வீட்டு நிலவறைக்கும் வந்தது இப்படித்தான்.

ஊர்க் களஞ்சியத்தையும் அவர்கள் கைவிடவில்லை. 1940-ல் சால்ட் லேக் சிட்டியில் 178 அடி உயரத்துக்கு ஒரு தானியக் கோபுரம் எழுந்தது. 3 லட்சத்து 18 ஆயிரம் புஷல், அதாவது சுமார் 8,600 டன் கொள்ளும். பழைய கோதுமை நிதியின் பணத்தில் மீண்டும் கோதுமை வாங்கினார்கள். 1978-ல் பெண்கள் சங்கம் தன் கோதுமையையும் நிதியையும் சபையின் பொது நலத்திட்டத்துக்கு ஒப்படைத்தது. இந்த முறை சங்கமே முன்வந்து கொடுத்தது.

வெள்ளம் வைத்த பரீட்சை

1976 ஜூன் 5-ம் தேதி. பக்கத்து மாநிலமான ஐடஹோவில் புதிதாகக் கட்டி நீர் நிரப்பிக் கொண்டிருந்த டீட்டன் அணை உடைந்தது. 11 பேர் இறந்தார்கள். வழியில் இருந்த சிறு ஊர்கள் சின்னாபின்னமாயின. அங்கே குடியிருந்தவர்களில் பெரும்பாலோர் மார்மன்கள். சேமிப்பு வைத்திருந்த வீடுகளே வெள்ளத்தில் போய்விட்டன. பிறகு சேமிப்பு ஏது?

அவர்களுக்குச் சோறு போட்டது ரெக்ஸ்பர்க் ஊரின் மேட்டில் இருந்த சபைக் கல்லூரி. வீடிழந்தவர்களைத் தங்கவைத்து 3 லட்சத்துக்கும் மேற்பட்ட சாப்பாடு அங்கே வழங்கப்பட்டது. மேட்டு நிலத்தில் வீடு தப்பியவர்கள் மற்றவர்களுக்குக் கதவைத் திறந்தார்கள். சபையின் கிடங்குகளிலிருந்து லாரிகள் வந்தன.

தன் வீட்டு டின் மட்டும் போதாது, பக்கத்து வீட்டிலும் ஒரு டின் இருக்க வேண்டும் என்பதை அந்த வெள்ளம் காட்டியது.

இப்போது சொல்வது என்ன?

2007-ல் சபை ஒரு சிறு பிரசுரம் வெளியிட்டது. ஓராண்டு என்ற பெரிய கணக்கைக் கண்டு பயந்து ஒன்றுமே செய்யாதவர்களுக்காக, ஏணிப்படி போல ஒரு முறையை அது சொல்கிறது.

முதல் படி: தினமும் சாப்பிடுவதையே கொஞ்சம் கூடுதலாக வாங்குவது. வாரத்துக்கு ஓரிரண்டு சாமான் போதும். ஒரு வாரத்துக்கு வேண்டியது சேர்ந்ததும் ஒரு மாதம். அப்புறம் மூன்று மாதம்.

இரண்டாம் படி: குடிதண்ணீர். குழாய் நின்றால் சமைக்க முடியாது.

மூன்றாம் படி: அவசரத்துக்கு என்று கொஞ்சம் ரொக்கம். வாரா வாரம் சிறு தொகை.

நான்காம் படி: நீண்ட நாள் கெடாத தானியம். பெரியவர் ஒருவருக்கு மாதம் 25 பவுண்டு தானியம், 5 பவுண்டு பீன்ஸ் வகை என்பது அவர்கள் கணக்கு. ஏறக்குறைய 11 கிலோ தானியமும், 2 கிலோவுக்குச் சற்றுக் கூடுதலாகப் பருப்பும். ஆண்டுக்கு 136 கிலோ, 27 கிலோ.

அளவு மீறாதீர்கள், ஒரே நாளில் சேர்க்கிறேன் என்று கடன் வாங்காதீர்கள், உங்கள் நாட்டுச் சட்டம் அனுமதிக்கும் அளவுக்குச் சேருங்கள் என்றும் சபை எச்சரிக்கிறது. சேமிப்புக்கும் பதுக்கலுக்கும் இங்கேதான் வித்தியாசம். சாமான் தாராளமாகக் கிடைக்கும்போது, தன் வீட்டுத் தேவைக்குச் சிறுகச் சிறுக வாங்கி வைப்பது சேமிப்பு. தட்டுப்பாடு வந்த பிறகு ஓடிப்போய் மூட்டை மூட்டையாக வாங்கி, அடுத்தவன் பங்கையும் அமுக்குவது பதுக்கல்.

30 ஆண்டு கெடாதா?

கோதுமை, வெள்ளை அரிசி, காய்ந்த பீன்ஸ் ஆகியவற்றைச் சரியாக அடைத்தால் 30 ஆண்டுகள் வரை உணவாகப் பயன்படும் என்கிறார்கள். யூட்டாவில் உள்ள பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் பல ஆண்டுகள் கிடந்த தானியங்களைச் சமைத்து, ஆட்களைச் சாப்பிடச் சொல்லிச் சோதித்திருக்கிறார்கள்.

தானியத்தைக் கெடுப்பவை ஐந்து. ஈரம், வெப்பம், வெளிச்சம், காற்று, பூச்சி. தானியத்தில் ஈரம் நூற்றுக்குப் பத்துப் பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. டின்னுக்குள் இரும்புத் தூள் அடங்கிய சிறு பொட்டலம் ஒன்றைப் போட்டு மூடுவார்கள். அது உள்ளே இருக்கும் ஆக்சிஜனை இழுத்துக்கொள்ளும். ஆக்சிஜன் இல்லாமல் வண்டு வாழாது. தீட்டாத பழுப்பு அரிசியும் கொட்டைகளும் இதற்கு ஆகாது. அவற்றில் உள்ள எண்ணெய் சிக்குப் பிடித்துவிடும்.

ஆனால் யூட்டா வறண்ட, குளிர்ந்த பூமி. பம்பாயின் மழைக்காலம் அங்கே கிடையாது. இங்கே கடையில் வாங்கும் அரிசியில் ஈரம் கூடுதல். அதை அப்படியே காற்றுப் புகாமல் அடைத்தால், காற்றில்லாத இடத்தில் வளரும் நஞ்சுக் கிருமிக்கு வழி ஏற்படலாம். ஆகவே அந்த 30 ஆண்டுக் கணக்கை இங்கே கொண்டுவருவது சரிப்படாது. மூன்று மாதக் கணக்கு சரிப்படும்.

ஒற்றை அறையில் முடியுமா?

2020 மார்ச் 24-ம் தேதி இரவு 8 மணிக்கு அறிவிப்பு வந்தது. நள்ளிரவு முதல் நாடு முழுவதும் ஊரடங்கு. 21 நாள். நான்கு மணி நேரத்தில் என்ன வாங்க முடியும்? அன்றாடம் வாங்கி அன்றாடம் சமைத்த வெளியூர்த் தொழிலாளர்கள் அடுத்த சில நாட்களிலேயே பசியை நினைத்து நடையைக் கட்டினார்கள். அறையில் பத்துக் கிலோ அரிசி இருந்தவனுக்கு, யோசிப்பதற்குப் பத்து நாள் கிடைத்தது. வீட்டுச் சேமிப்பு ஒருவனுக்குக் கொடுப்பது முதலில் அந்த அவகாசத்தைத்தான்.

நிலவறை இல்லை, மாடி இல்லை, படுக்கவே இடம் போதவில்லை. உண்மைதான். ஆனால் கட்டிலுக்கு அடியில் மூடியுள்ள ஒரு டிரம்முக்கு இடம் இருக்கும். மாதம் 2 கிலோ அரிசியும் அரைக் கிலோ பருப்பும் கூடுதலாக வாங்கினால் ஆண்டு முடிவில் 24 கிலோ அரிசி, 6 கிலோ பருப்பு. நான்கு பேர் உள்ள வீட்டில் இரண்டு வாரத்துக்கு மேல் தாங்கும். முன்னுரிமைப் பிரிவு ரேஷன் கார்டு உள்ளவர்கள் 'ஒரே நாடு ஒரே ரேஷன் கார்டு' திட்டத்தின்படி வேலை செய்யும் ஊரிலேயே ஆளுக்கு மாதம் 5 கிலோ வாங்கலாம். அந்தக் கார்டு ஊரில் பெட்டிக்குள் தூங்கினால் பயனில்லை.

புதிதாக வாங்கியதை அடியில் போட்டு, பழையதை முதலில் எடுக்க வேண்டும். பழைய அரிசி என்றால் நமக்குச் சொல்லவா வேண்டும்? புது அரிசியைவிட அதுதான் உதிரியாக வேகும். வேப்பிலைக் காம்பு, காய்ந்த மிளகாய், துவரையில் லேசாகத் தடவும் விளக்கெண்ணெய் இவையெல்லாம் பாட்டிமார் சொல்லிக் கொடுத்தவை. மழைக்கு முன்பு ஒரு நாள் வெயில் காட்டி, ஆறவைத்து மூடினால் போதும்.

கைப்பிடியாகச் சேர்ப்பதும் நமக்குப் புதிதல்ல. உலையில் போடுமுன் ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் போடும் வழக்கம் தமிழ்நாட்டில் உண்டு. மிசோரம் மாநிலத்தில் பிரஸ்பிட்டேரியன் சபைப் பெண்கள் 1910 முதல் ஒவ்வொரு வேளைச் சமையலிலும் ஒரு பிடி அரிசியை ஒதுக்கிச் சபைக்குக் கொடுத்து வருகிறார்கள். அதை விற்ற பணத்தில் சபைப் பணிகள் நடக்கின்றன. யூட்டாவின் ஞாயிற்றுக்கிழமை முட்டையும், மிசோரமின் ஒரு பிடியும், நம் ஊர்ப் பானையும் ஒரே கணக்குத்தான். சிறு துளி பெரு வெள்ளம்.

அந்தப் பானையை நிரப்புவது பெரும்பாலும் வீட்டுப் பெண்தான். தன் சாப்பாட்டில் குறைத்துக்கூட நிரப்புவாள். விருந்தாளி வந்தாலும், பக்கத்து அறைக்காரர் பசியோடு நின்றாலும், மாதக் கடைசியில் காசுக்கு விற்க நினைத்தாலும் முதலில் அவளைக் கேட்க வேண்டும். அநேகமாக அவள் கொடு என்றுதான் சொல்வாள். 1906-ல் யூட்டாவின் பெண்களும் கொடுக்கத்தான் சொன்னார்கள்.

ஆனாலும் கேட்க வேண்டும்.